109 ஏக்கர்ல ஒரு நாடு: வாடிகன் எப்படி உருவானது? தினமும் எப்படி இயங்குது? ஓசூர், கிருஷ்ணகிரிக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

காலை ஷிஃப்ட் நேரத்தில் ஜூஜூவாடியில் நின்று பார்த்தால் தெரியும். டிஎன் 70 வண்டிகள் அத்திப்பள்ளி பக்கம் போகும். கேஏ வண்டிகள் ஓசூர் பக்கம் வரும். இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் வேலை. பெட்ரோல், டீசல் எந்தப் பக்கம் ரெண்டு ரூபாய் குறைவோ, அந்தப் பக்கம் டேங்க் நிரப்புவது எல்லையோர மக்களுக்குப் பழகிப்போன கணக்கு.

இதே காட்சி தினமும் காலையில் ரோம் நகரின் நடுவிலும் நடக்கிறது. இத்தாலியில் வீடு, பக்கத்து நாட்டில் வேலை. ஒரே வித்தியாசம், அங்கே பக்கத்து நாடு என்பது ஒரு மதில் சுவருக்குள் அடங்கிவிடும். அதுதான் வாடிகன். உலகிலேயே மிகச் சிறிய நாடு.

2025 ஏப்ரல் 21-ல் போப் பிரான்சிஸ் காலமானபோதும், மே 8-ல் புதிய போப் பதினான்காம் லியோ தேர்வானபோதும் உலகமே இந்த இடத்தைத்தான் டிவியில் பார்த்துக்கொண்டிருந்தது. ஆனால் அந்த நாட்டில் யார் குடிமகன்? வரி உண்டா? போலீஸ், கோர்ட், ரயில் எல்லாம் இருக்கா? வேலை செய்பவர்களுக்குச் சம்பளப் பிரச்னை வந்தால் யாரிடம் போவார்கள்? அங்கே எடுக்கும் முடிவு தருமபுரி, கிருஷ்ணகிரி வரை எப்படி வந்து சேர்கிறது?

எவ்வளவு சின்ன நாடு?

வாடிகனின் பரப்பளவு 0.44 சதுர கிலோமீட்டர். ஏக்கர் கணக்கில் சொன்னால் சுமார் 109 ஏக்கர். ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டை மட்டுமே ஆயிரம் ஏக்கருக்கு மேல். அதாவது, சிப்காட்டுக்குள் வாடிகன் மாதிரி பத்துக்கு மேற்பட்ட நாடுகளை அடக்கிவிடலாம்.

எல்லையின் மொத்த நீளம் மூன்றரை கிலோமீட்டருக்குள்தான். சுற்றி ஒரு நடை போனால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். நாட்டின் நான்கு பக்கமும் இத்தாலிதான். அங்கே வசிப்பவர்கள் ஆயிரம் பேருக்கும் குறைவு.

இன்னொரு வேடிக்கை. ரோமுக்கு வெளியே காஸ்டல் காண்டோல்ஃபோ என்ற ஊரில் போப்பின் கோடைகால வளாகம் இருக்கிறது. அதன் பரப்பளவு சுமார் 55 ஹெக்டேர். வாடிகன் நாடு 44 ஹெக்டேர்தான். நாட்டை விட அதன் தோட்ட வீடு பெரிசு!

முன்னாடி பெரிய நாடாகத்தான் இருந்ததா?

ஆமாம். எட்டாம் நூற்றாண்டில் இருந்து 1870 வரை, ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக, இத்தாலியின் நடுப்பகுதியில் ஒரு பெரிய நிலப்பரப்பையே போப்கள் அரசர்களாக ஆண்டார்கள். வரி வசூல், படை, சிறை எல்லாம் இருந்தது.

19-ம் நூற்றாண்டில் பல துண்டுகளாகக் கிடந்த இத்தாலி ஒரே நாடாக இணைந்தது. 1870 செப்டம்பர் 20 அன்று இத்தாலியப் படை ரோம் நகரின் மதிலை உடைத்து உள்ளே நுழைந்தது. போப்பின் அரசாட்சி அன்றோடு முடிந்தது.

அப்போது போப்பாக இருந்த ஒன்பதாம் பயஸ் இதை ஏற்கவில்லை. இத்தாலி அரசு 1871-ல் ஒரு சட்டம் போட்டு, மரியாதையும் ஆண்டுத் தொகையும் தருவதாகச் சொன்னது. அவர் வாங்க மறுத்தார். 'நான் வாடிகனின் கைதி' என்று அறிவித்து உள்ளேயே இருந்துவிட்டார்.

அவர் மட்டும் இல்லை. அடுத்தடுத்து வந்த போப்களும் வாடிகனை விட்டு வெளியே வரவில்லை. வந்தால் இத்தாலியின் ஆட்சியை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும் என்பது அவர்களின் நிலைப்பாடு. இந்தப் பிடிவாதம் 59 ஆண்டுகள் நீடித்தது.

1929-ல் என்ன நடந்தது?

1929 பிப்ரவரி 11. ரோமில் உள்ள லேட்டரன் அரண்மனையில் இத்தாலியப் பிரதமர் முசோலினியும், போப் பதினொன்றாம் பயஸ் சார்பில் கர்தினால் பியத்ரோ காஸ்பாரியும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அன்று பிறந்ததுதான் இன்றைய வாடிகன் நகர அரசு.

கொடுக்கல் வாங்கல் என்ன? போப், ரோம்தான் இத்தாலியின் தலைநகர் என்று ஒப்புக்கொண்டு, பழைய நிலங்கள் மீதான உரிமையை விட்டுக்கொடுத்தார். பதிலுக்கு இத்தாலி, 109 ஏக்கரைத் தனி நாடாக ஏற்றுக்கொண்டது. பறிபோன நிலங்களுக்கு இழப்பீடாக 75 கோடி லிரா ரொக்கமும், 100 கோடி லிரா மதிப்புள்ள அரசுப் பத்திரங்களும் கொடுத்தது. கத்தோலிக்க மதம் இத்தாலியின் அரசு மதம் என்றும் உறுதிசெய்யப்பட்டது. 1984-ல் செய்த திருத்தத்தில் அந்த அந்தஸ்து நீக்கப்பட்டது.

இந்த ஒப்பந்தத்துக்கு ஒரு கறுப்புப் பக்கமும் உண்டு. சர்வாதிகாரியான முசோலினிக்கு இது உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் பெரிய மரியாதையைத் தேடித் தந்தது. வாடிகனுக்குச் சுதந்திரம் கிடைத்த அதே கையெழுத்துதான் ஒரு பாசிச ஆட்சிக்கும் பலம் சேர்த்தது என்ற விமர்சனம் இன்றும் இருக்கிறது.

வாடிகன் வேறு, திருப்பீடம் வேறு. குழப்பமா இருக்கா?

இதைப் புரிந்துகொண்டால் பாதி விஷயம் புரிந்துவிடும்.

உலகம் முழுக்க உள்ள கத்தோலிக்கத் திருச்சபையை நடத்தும் தலைமை நிர்வாகத்தின் பெயர் திருப்பீடம். அந்த நிர்வாகம் யாருக்கும் கட்டுப்படாமல் உட்கார்ந்து வேலை பார்ப்பதற்கான நிலம்தான் வாடிகன் நகர அரசு. ஒரு கம்பெனி, அதன் ஹெட் ஆபீஸ் காம்பவுண்ட் என்று வைத்துக்கொள்ளலாம்.

மற்ற நாடுகளுக்குத் தூதர்களை அனுப்புவது வாடிகன் நாடு இல்லை, திருப்பீடம்தான். 1870 முதல் 1929 வரை கையில் நிலமே இல்லாத காலத்திலும் பல நாடுகளுடன் அதற்குத் தூதரக உறவு இருந்தது. இன்று 180-க்கும் மேற்பட்ட நாடுகளுடன் உறவு இருக்கிறது. ஐ.நா. சபையில் 1964 முதல் நிரந்தரப் பார்வையாளர் இடம் உண்டு, ஓட்டு கிடையாது.

சுதந்திரம் அடைந்த அடுத்த ஆண்டே, 1948-ல், இந்தியா திருப்பீடத்துடன் தூதரக உறவு வைத்துக்கொண்டது. போப்பின் தூதரகம் டெல்லியில் இருக்கிறது. ஆனால் ரோமில் உள்ள இந்தியத் தூதர் வாடிகனைக் கவனிப்பதில்லை. இத்தாலிக்கும் தங்களுக்கும் ஒரே தூதர் இருக்கக் கூடாது என்பது திருப்பீடத்தின் விதி. அதனால் சுவிட்சர்லாந்தில் உள்ள இந்தியத் தூதருக்கு இந்தப் பொறுப்பும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது.

அங்கே குடிமகன் ஆவது எப்படி?

பிறந்தாலே குடியுரிமை என்ற கதை வாடிகனில் இல்லை. அங்கே குடியுரிமை வேலையோடு வருவது. ரோமில் வசிக்கும் கர்தினால்கள், போப்பின் தூதர்கள், சுவிஸ் காவல்படையினர், பணி காரணமாக உள்ளே தங்கியிருப்பவர்கள் ஆகியோருக்குக் கிடைக்கும். அவர்களோடு உள்ளே வசிக்கும் குடும்பத்தினருக்குக் கிடைப்பதும் அந்த வேலையை ஒட்டித்தான்.

வேலை முடிந்தால் குடியுரிமையும் பொதுவாக முடிந்துவிடும். ஓசூர்க்காரர்களுக்குப் புரியும்படி சொன்னால், கம்பெனி குவார்ட்டர்ஸ் மாதிரி. வேலையில் இருக்கும் வரை வீடு, வேலை போனால் சாவியைக் கொடுத்துவிட வேண்டும்.

அப்படி இழக்கும்போது ஒருவருக்கு வேறு எந்த நாட்டின் குடியுரிமையும் இல்லை என்றால்? அவர் நடுத்தெருவில் நிற்கக் கூடாது என்பதற்காக 1929 ஒப்பந்தத்திலேயே வழி வைத்திருக்கிறார்கள். அவர் இத்தாலியக் குடிமகன் ஆகிவிடுவார்.

பார்டர்ல பாஸ்போர்ட் கேட்பாங்களா?

புனித பேதுரு சதுக்கத்துக்குள் நுழைய பாஸ்போர்ட் சோதனை கிடையாது. தரையில் வெள்ளைக் கல்லில் ஒரு கோடு இருக்கும். அதைத் தாண்டினால் வேறு நாடு. பாதுகாப்பு சோதனை மட்டும் உண்டு. தனி விசா என்று எதுவும் இல்லை. இத்தாலிக்குப் போக வாங்கும் ஷெங்கன் விசாவே போதும்.

சதுக்கம் வாடிகனுக்குச் சொந்தம். ஆனால் சாதாரண நாட்களில் அங்கே ரோந்து போவது இத்தாலிய போலீஸ். பேராலயத்தின் படிக்கட்டு வரைதான் அவர்களின் வேலை. அதைத் தாண்டி உள்ளே வாடிகனின் சொந்த போலீஸ்.

சதுக்கமும் பேராலயமும் அருங்காட்சியகமும் தவிர, மற்ற இடங்களுக்கு யாரும் நினைத்தபடி போக முடியாது. பணியாளர்கள் பெரும்பாலும் புனித அன்னா வாசல் வழியாக அடையாள அட்டையோடு உள்ளே போவார்கள். வாசலில் சுவிஸ் காவலர் நிற்பார்.

கலர் கலர் உடை போட்ட அந்தக் காவலர்கள் யார்?

நீலம், மஞ்சள், சிவப்புப் பட்டை போட்ட உடை, கையில் ஈட்டி. ஃபேன்ஸி டிரஸ் மாதிரி தெரிந்தாலும் அவர்கள் பயிற்சி பெற்ற படைவீரர்கள். 1506 ஜனவரி 22-ல் தொடங்கப்பட்ட படை இது. இன்று 135 பேர் கொண்ட படையாக இருக்கிறது.

சேர வேண்டும் என்றால் சுவிட்சர்லாந்து குடிமகனாக, கத்தோலிக்கராக, திருமணம் ஆகாத ஆணாக இருக்க வேண்டும். வயது 19 முதல் 30. உயரம் குறைந்தது 174 செ.மீ. சுவிஸ் ராணுவத்தில் அடிப்படைப் பயிற்சி முடித்திருக்க வேண்டும்.

புதிதாகச் சேர்பவர்கள் மே 6 அன்று உறுதிமொழி எடுப்பது வழக்கம். 1527-ல் இதே நாளில் ரோம் சூறையாடப்பட்டபோது, போப் ஏழாம் கிளமெண்ட் தப்பிக்க வழிவிட்டு 147 சுவிஸ் வீரர்கள் சண்டையிட்டு உயிரிழந்தார்கள். அவர்களின் நினைவாகத்தான் இந்தத் தேதி.

சட்டம், ஆட்சி, கோர்ட் யார் கையில்?

ஒரே ஆள் கையில். சட்டம் இயற்றுவது, ஆட்சி நடத்துவது, நீதி வழங்குவது என மூன்று அதிகாரமும் போப்பிடம்தான். 2023 ஜூன் 7 முதல் நடைமுறைக்கு வந்த புதிய அடிப்படைச் சட்டமும் இதையே சொல்கிறது. இன்று உலகில் எஞ்சியிருக்கும் ஒரு சில முழு முடியாட்சிகளில் வாடிகனும் ஒன்று. ஆனால் வாரிசு அரசியல் கிடையாது, தேர்தல் உண்டு.

80 வயதுக்குக் கீழ் உள்ள கர்தினால்கள்தான் ஓட்டுப் போடுவார்கள். சிஸ்டைன் சிற்றாலயத்துக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு வாக்களிப்பார்கள். மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு கிடைத்தால் வெள்ளைப் புகை. இல்லையென்றால் கறுப்புப் புகை. 2025 மே மாதம் 133 கர்தினால்கள் ஓட்டுப் போட்டார்கள். அதில் இந்தியாவில் இருந்து 4 பேர். அவர்களில் ஒருவரான ஐதராபாத் பேராயர் ஆந்தோணி பூலா, 2022-ல் நியமிக்கப்பட்ட முதல் தலித் கர்தினால்.

அன்றாட நிர்வாகத்தை ஆளுநரகம் என்ற அமைப்பு கவனிக்கிறது. தண்ணீர், மின்சாரம், தோட்டம், அருங்காட்சியகம், போலீஸ் எல்லாம் அதன் கீழ்தான். 2025 மார்ச் 1 முதல் இதன் தலைவராக அருட்சகோதரி ரஃபேல்லா பெட்ரினி இருக்கிறார். இந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் இவர்தான். அதே நேரம், போப்பைத் தேர்ந்தெடுக்கும் ஓட்டு இன்றுவரை பெண்களுக்கு இல்லை.

கோர்ட்டும் உண்டு. பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகளிடம் பிக்பாக்கெட் மாதிரியான சின்ன வழக்குகள். எப்போதாவது பெரிய வழக்கும் வரும். லண்டனில் ஒரு கட்டடத்தில் திருப்பீடத்தின் பணத்தை முதலீடு செய்து 10 கோடி யூரோவுக்கும் மேல் நஷ்டமான விவகாரம் 2021-ல் விசாரணைக்கு வந்தது. 2023 டிசம்பரில் கர்தினால் ஆஞ்சலோ பெச்சுவுக்கு ஐந்தரை ஆண்டு சிறை என்று தீர்ப்பானது. வாடிகன் கோர்ட்டில் ஒரு கர்தினாலுக்கே இப்படித் தண்டனை விதிக்கப்பட்டது உலகச் செய்தியானது. குற்றச்சாட்டை மறுத்த அவர் மேல்முறையீடு செய்தார்.

ரயில், போஸ்ட் ஆபீஸ், பெட்ரோல் பங்க் எல்லாம் இருக்கா?

எல்லாமே இருக்கு, மினியேச்சர் அளவுல.

ரயில்: 1930-களில் தொடங்கிய ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. உள்ளே தண்டவாளத்தின் நீளம் சில நூறு மீட்டர்தான். பெரும்பாலும் சரக்கு வரவே பயன்பட்டது.

தபால்: சொந்த ஸ்டாம்ப் அச்சிடுகிறார்கள். ரோமுக்கு வரும் சுற்றுலாப் பயணிகள் பலர் இங்கே வந்துதான் கடிதம் போடுவார்கள்.

பணம்: யூரோதான். ஆனால் வாடிகன் முத்திரையோடு தனி நாணயம் உண்டு. 1942-ல் தொடங்கப்பட்ட வாடிகன் வங்கியின் ஏடிஎம்மில் லத்தீன் மொழியிலும் வழிகாட்டுதல் வரும்.

மருந்துக்கடை: 1874 முதல் இயங்குகிறது. இத்தாலியில் சுலபமாகக் கிடைக்காத மருந்து வேண்டும் என்றால் டாக்டர் சீட்டோடு வெளியாட்களும் இங்கே வரிசையில் நிற்பார்கள்.

சூப்பர் மார்க்கெட், பெட்ரோல் பங்க்: இத்தாலியின் வரி இங்கே இல்லை, அதனால் விலை குறைவு. அட்டை உள்ள பணியாளர்களுக்கு மட்டும்தான். முன்பு சிகரெட்டும் மலிவாகக் கிடைத்தது. உயிரைக் கொல்லும் பொருளில் லாபம் பார்க்கக் கூடாது என்று சொல்லி, 2018 முதல் அந்த விற்பனையை போப் பிரான்சிஸ் நிறுத்திவிட்டார்.

வானொலி: 1931 பிப்ரவரி 12-ல் தொடங்கியது. அமைத்துக் கொடுத்தவர் மார்க்கோனியேதான். இன்று வாடிகனின் செய்திச் சேவை தமிழிலும் வருகிறது.

வரி இல்லை என்றால் வருமானம் எங்கிருந்து?

பணியாளர்களின் சம்பளத்துக்கு வருமான வரி கிடையாது. அப்படியென்றால் நாடு எப்படி ஓடும்?

பெரிய வருமானம் அருங்காட்சியகம். ஆண்டுக்கு 60 லட்சம் பேருக்கும் மேல் டிக்கெட் வாங்கி உள்ளே போகிறார்கள். மைக்கேல் ஆஞ்சலோ வரைந்த சிஸ்டைன் கூரை ஓவியம் இருப்பதும் இங்கேதான். அடுத்து ஸ்டாம்ப், நாணய விற்பனை. சொந்தக் கட்டடங்களின் வாடகை, முதலீடு. உலகம் முழுக்க உள்ள கத்தோலிக்கர்கள் 'புனித பேதுருவின் காசு' என்ற பெயரில் அனுப்பும் காணிக்கை.

இருந்தும் திருப்பீடத்தின் கணக்கில் பல ஆண்டுகள் துண்டு விழுந்தது. கொரோனா காலத்தில் அருங்காட்சியகம் மூடியதும் நிலைமை மோசமானது. 2021-ல் போப் பிரான்சிஸ் சம்பளக் குறைப்பு அறிவித்தார். கர்தினால்களுக்கு 10 சதவீதம், துறைத் தலைவர்களுக்கு 8 சதவீதம். கீழ்மட்டப் பணியாளர்களின் சம்பளத்தில் கை வைக்கவில்லை.

அங்கே வேலை பார்க்கிறவங்க நிலைமை என்ன?

நான்காயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வாடிகனிலும் திருப்பீடத்திலும் வேலை செய்கிறார்கள். குருக்களும் சகோதரிகளும் மட்டும் இல்லை. எலக்ட்ரீஷியன், தோட்டக்காரர், டிரைவர், கிளார்க், அருங்காட்சியகக் காவலர் என்று பெரும்பாலானவர்கள் சாதாரண குடும்பஸ்தர்கள். தினமும் இத்தாலியில் இருந்து வந்து போகிறவர்கள்.

வரி இல்லாத சம்பளம், மலிவு பெட்ரோல் எல்லாம் சரி. பிரச்னை வந்தால்? இத்தாலியின் லேபர் கோர்ட்டுக்குச் சாதாரணமாகப் போய்விட முடியாது. அது வேறு நாடு. 1989 முதல் வாடிகனுக்குள் ஒரு தொழிலாளர் அலுவலகம் இயங்குகிறது. முதலில் அங்கே சமரசப் பேச்சு. பொதுநிலைப் பணியாளர்களுக்கு ஒரு சங்கமும் உண்டு. ஆனால் தொழிற்பேட்டைகளில் பார்ப்பது போல கேட் முன்பு கொடி கட்டி ஸ்ட்ரைக் என்பது அங்கே வழக்கத்தில் இல்லை.

2024 மே மாதம் இது வெளிச்சத்துக்கு வந்தது. அருங்காட்சியகப் பணியாளர்கள் 49 பேர் சேர்ந்து வக்கீல் மூலம் ஆளுநரகத்துக்கு மனு கொடுத்தார்கள். ஓவர்டைம் சம்பளம் குறைவு, கூட்ட நெரிசலில் பாதுகாப்பு வசதி போதாது, கொரோனா ஊரடங்கில் வேலை செய்யாத நேரத்தைத் திருப்பிக் கேட்கிறார்கள், வேலை போனால் உதவித்தொகை கிடையாது என்பவை அவர்கள் வைத்த குறைகள்.

ஓசூரில் கான்ட்ராக்ட் லேபராக இருக்கும் ஒருவருக்கு இந்தப் பட்டியல் அந்நியமாகத் தெரியாது. ஓவர்டைம், பாதுகாப்பு, ஊரடங்கு சம்பளம் என எல்லாம் கேட்ட கதைதான். வித்தியாசம் ஒன்றுதான். இங்கே நிர்வாகம் வேறு, அரசு வேறு, கோர்ட் வேறு. அங்கே மூன்றின் உச்சியிலும் இருப்பவர் ஒருவரே.

வாடிகன் முடிவு கிருஷ்ணகிரிக்கு எப்படி வருது?

1930-ல் சேலத்தைத் தலைமையிடமாகக் கொண்டு ஒரு கத்தோலிக்க மறைமாவட்டம் உருவானது. அதைப் பிரித்து 1997 ஜனவரி 24-ல் தருமபுரி மறைமாவட்டத்தை உருவாக்கியவர் போப் இரண்டாம் ஜான் பால்.

அரசு எல்லையும் இதே பாதையில்தான் பிரிந்தது. சேலத்தில் இருந்து 1965-ல் தருமபுரி மாவட்டம் பிரிந்தது. அதில் இருந்து 2004-ல் கிருஷ்ணகிரி பிரிந்தது. ஆனால் திருச்சபைக் கணக்கில் ஓசூரும் கிருஷ்ணகிரியும் இன்றும் தருமபுரி மறைமாவட்டம்தான். மாவட்டத்தைப் பிரித்தால் சென்னையில் அரசாணை வரும். மறைமாவட்டத்தைப் பிரிக்க ரோமில் இருந்து ஆணை வர வேண்டும்.

ஆயரை நியமிப்பதும் போப்தான். டெல்லியில் உள்ள போப்பின் தூதர் பலரிடம் ரகசியமாகக் கருத்துக் கேட்பார். வழக்கமாக மூன்று பெயர்கள் ரோமுக்குப் போகும். அங்கே நற்செய்தி அறிவிப்புத் துறை பரிசீலிக்கும். கடைசி முடிவு போப்புடையது. அறிவிப்பு பொதுவாக ரோம் நேரப்படி பகல் 12 மணிக்கு வரும். இந்தியாவில் அப்போது மாலை மூன்றரை மணி, குளிர்காலம் என்றால் நாலரை மணி.

அந்தத் துறையின் செயலராக 1973 முதல் 1985 வரை இருந்தவர் ஒரு தமிழர். இன்றைய விழுப்புரம் மாவட்டப் பகுதியில் உள்ள கல்லேரியில் பிறந்த சைமன் லூர்துசாமி. அதற்கு முன் பெங்களூரு பேராயராக இருந்தவர். 1985-ல் கர்தினால் ஆனார். கீழைத் திருச்சபைகளுக்கான துறைக்குத் தலைவராகவும் இருந்தார். 2014-ல் ரோமில் காலமானார்.

புனிதர் என்று அறிவிப்பதும் வாடிகன்தான். குமரி மண்ணைச் சேர்ந்த தேவசகாயம் 1752-ல் ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 270 ஆண்டுகள் கழித்து, 2022 மே 15-ல் புனித பேதுரு சதுக்கத்தில் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். அவர் பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பெயரை நீக்க வேண்டும் என்ற கோரிக்கை எழுந்து, அது இல்லாமலேயே அறிவிப்பு வந்தது.

ஆனால் சாதிப் பிரச்னை அதோடு முடியவில்லை. தமிழகக் கத்தோலிக்கர்களில் தலித் மக்கள் அதிகம். அதற்கேற்ப ஆயர்கள் அவர்களில் இருந்து வருவதில்லை என்ற குரல் பல ஆண்டுகளாக ஒலிக்கிறது. முடிவெடுக்கும் இடம் ரோம் என்பதால், அந்தக் கோரிக்கை மனுக்களும் அங்கேதான் போய்ச் சேர வேண்டியிருக்கிறது.

அப்போ இங்குள்ள சர்ச் நிலம் வாடிகனுக்குச் சொந்தமா?

இல்லை. இது பரவலாக உள்ள தவறான எண்ணம். இங்குள்ள ஆலயம், பள்ளி, நிலம் எல்லாம் இந்தியச் சட்டப்படி பதிவான உள்ளூர் சங்கங்கள், அறக்கட்டளைகள், மறைமாவட்ட அமைப்புகள் பெயரில்தான் இருக்கும். வழக்கு வந்தால் இங்குள்ள கோர்ட்தான். குருக்களும் ஆயர்களும் இந்தியக் குடிமக்கள். வாடிகன் குடியுரிமை அவர்களுக்குத் தானாக வராது.

வரியும் அப்படித்தான். அரசு உதவி பெறும் பள்ளிகளில் பாடம் நடத்தும் குருக்கள், கன்னியாஸ்திரிகளின் சம்பளத்தில் வருமான வரி பிடிக்கலாமா என்ற வழக்கு தமிழ்நாட்டில் இருந்தும் கேரளாவில் இருந்தும் உச்ச நீதிமன்றம் வரை போனது. சம்பளத்தைச் சபைக்கே கொடுத்துவிடுகிறோம் என்பது அவர்கள் தரப்பு வாதம். வரி பிடிக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் தீர்ப்பு வந்தது. வாடிகனில் வரி இல்லை. ஓசூரில் உண்டு.

புதிய போப் ஏன் 'லியோ' என்று பெயர் வைத்தார்?

அமெரிக்காவின் சிகாகோவில் பிறந்த ராபர்ட் பிரான்சிஸ் பிரீவோஸ்ட், அந்த நாட்டில் பிறந்து போப் ஆன முதல் நபர். பெரு நாட்டின் குடியுரிமையும் உள்ளவர். தேர்வான இரண்டாம் நாளே, பெயருக்கான காரணத்தைக் கர்தினால்களிடம் சொன்னார்.

1891-ல் போப் பதின்மூன்றாம் லியோ ஒரு சுற்றுமடல் எழுதினார். தொழிற்புரட்சி காலத்தில் ஆலைத் தொழிலாளிகள் பிழியப்படுவதைப் பற்றிய கடிதம் அது. நியாயமான கூலி தொழிலாளியின் உரிமை, சங்கம் அமைப்பதும் அவர்களின் உரிமை என்று அதில் எழுதினார். வாடிகனை விட்டு வெளியே வராத அந்தக் 'கைதி' போப்களில் அவரும் ஒருவர். இன்று செயற்கை நுண்ணறிவு இன்னொரு தொழிற்புரட்சியைக் கொண்டுவருகிறது, தொழிலாளியின் மாண்பைக் காக்க வேண்டும் என்பதால் அந்தப் பெயரை எடுத்ததாகப் புதிய போப் சொன்னார்.

ரோபோ கைகள் ஒவ்வொரு லைனாக வந்துகொண்டிருக்கும் ஓசூர் தொழிற்பேட்டைக்கும் அந்தக் கேள்வி பொருந்தும். அதே கேள்வியைத்தான் வாடிகன் அருங்காட்சியகத்தின் அந்த 49 பேரும் தங்கள் மனுவில் கேட்டிருக்கிறார்கள். உலகத் தொழிலாளிகளுக்காக 1891-ல் சொன்னது, அந்த 109 ஏக்கருக்குள் வேலை பார்ப்பவர்களுக்கும் உண்டா என்பதற்கான பதில், சட்டம் இயற்றும் அதிகாரத்தைக் கையில் வைத்திருக்கும் அந்த ஒருவரிடம்தான் இருக்கிறது.